தூங்குமூஞ்சி நிழல்

உறுவையாற்றில் ஒரு வீட்டுக்குப் பெண் பார்க்க ஆள் வருகிறது என்றால் பால் சொசைட்டி வாசலிலேயே தெரிந்துவிடும். கார் திரும்பும்போதே நம்பரைப் பார்த்து விழுப்புரமா, கடலூரா, உள்ளூர்ப் பாண்டியா என்று சொல்லிவிடுவார்கள். பெண் பிடித்திருந்தால்தான் வந்தவர்கள் பெண் வீட்டில் கை நனைப்பார்கள். நனைத்தார்களா, தண்ணீரோடு எழுந்துவிட்டார்களா என்பது பொழுது சாய்வதற்குள் தெருக்கோடி வரைக்கும் போய்விடும். சிவப்பிரகாசத்தின் வீட்டிலிருந்து பல பேர் தண்ணீரோடு எழுந்து போயிருந்தார்கள். கடைசியாக வந்தவர்கள் போன மறுநாள் அவர் கரும்புக்குத் தண்ணீர் கட்டிக்கொண்டிருந்தபோது, பக்கத்துக் கொல்லைக்காரர் வரப்பில் நின்று பீடியைப் பற்றவைத்துக்கொண்டே கேட்டார்.

"இன்னாபா, இதுவும் தட்டிப்புடுச்சாமே?"

சிவப்பிரகாசம் மடையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் எப்போதுமே அப்படித்தான். பேச வேண்டிய இடத்தில் அவருக்கு மண்வெட்டி கையில் இருந்துவிடும்.

வீட்டில் இதைச் சொன்னதும் மனைவி ஆதிலட்சுமி அரிசி புடைப்பதை நிறுத்தினாள். "இனிமே எவனும் வூட்டுக்கு வர வாணாம். துரைத் தோட்டத்துக்கு வரட்டும். புடிச்சா பேசலாம், புடிக்கலன்னா அவன் வழி அவனுக்கு, நம்ம வழி நமக்கு. ஊருக்கு இன்னா தெரியப்போவுது?"

துரைத் தோட்டம் வில்லியனூர் போகும் வழியில் ஆற்றோரமாக இருக்கிறது. அவுரி வியாபாரம் செய்த ஒரு பிரெஞ்சுத் துரை போட்டது. நேர்நேராகப் பாதைகள், எல்லாம் வந்து சேரும் நடுவில் தண்ணீர் வராத ஒரு நீரூற்று, அதைச் சுற்றிக் கல்லில் செதுக்கிய பூச்சாடிகள், ஒரு மூலையில் இரும்பால் கட்டிய எட்டுப்பட்டை மண்டபம். மேற்கே ஆற்றுக்கு இறங்கும் படிக்கட்டு. அந்தப் பக்கம் மட்டும் மரமே வைக்காமல் விட்டிருந்தார்கள். துரை சாயங்காலம் நாற்காலி போட்டுச் சூரியன் இறங்குவதைப் பார்ப்பாராம். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளும், கல்யாணத்துக்கு முன்னாலேயே போட்டோ எடுத்துக்கொள்கிற ஜோடிகளும் வந்து போவார்கள். உறுவையாற்றுக்காரர்கள் பத்து நிமிடத் தூரத்தில் இருந்தும் போனதில்லை.

மகள் கல்பனாவுக்கு முப்பது தாண்டிவிட்டது. மருந்துக் கம்பெனி ஒன்றில் பேக்கிங் பிரிவுக்குச் சூப்பர்வைசர். வேலையில் அவளை மிஞ்ச ஆளில்லை என்று கம்பெனி வேனில் வரும் பெண்கள் சொல்வார்கள். இடது கைவிரல் நுனியில் முதலில் வெளுத்தது. ஏதோ மருந்து பட்டிருக்கும் என்று இருந்துவிட்டார்கள். பிறகு உதட்டோரம். பிறகு கண்ணிமை. கழுத்தில் இறங்கியபோது டாக்டர், இது ஒட்டாது, உடம்பை ஒன்றும் செய்யாது என்றார். "எங்கங்க நிக்கும்?" என்று சிவப்பிரகாசம் கேட்டார். அதைச் சொல்ல முடியாது என்றார் டாக்டர். அந்த ஒரு வார்த்தையோடுதான் சிவப்பிரகாசம் அன்றிலிருந்து படுத்து எழுந்துகொண்டிருந்தார்.

தோட்டத்தில் எங்கே உட்காருவது என்பதைப் பார்க்க முதலில் போனவர் அவர்தான். மண்டபத்துக்குள் உட்கார்ந்தால் இருட்டு, எதையோ மறைக்கிறார்கள் என்று நினைப்பார்கள். வெளியே உட்கார்ந்தால் எல்லாம் தெரியும். நீரூற்றுக்குப் பக்கத்தில் ஒரு பெரிய தூங்குமூஞ்சி மரம். அதன் கீழே கல் பெஞ்சு. பட்டப்பகலிலும் அங்கே வெயில் பொட்டுப் பொட்டாகத்தான் விழுந்தது. சிவப்பிரகாசம் தன் கையை நீட்டிப் பார்த்தார். கறுத்த கையெல்லாம் வெள்ளை வெள்ளையாகத் திட்டு. கையை அசைத்தால் திட்டும் நகர்ந்தது. இந்த நிழலில் யார் உட்கார்ந்தாலும் இப்படித்தான் தெரிவார்கள். அவருக்கு ஒரு கணம் சந்தோஷமாக இருந்தது. உடனே தன்மேலேயே அருவருப்பாகவும் இருந்தது. ஆனாலும் வீட்டுக்குப் போய், "எடம் இருக்குது," என்றார்.

வைகாசியில், வில்லியனூர்த் தேர் முடிந்த ஞாயிற்றுக்கிழமை, பாகூரிலிருந்து வந்தார்கள். மரம் முழுக்கப் பூத்து, இளஞ்சிவப்பு நூல் நூலாகத் தரையெல்லாம் கிடந்தது. கேட்டில் டிக்கெட் கிழிக்கும் கண்ணையன் இவர்களை மேலும் கீழும் பார்த்தார். ஆதிலட்சுமி பட்டு கட்டி, எவர்சில்வர் டப்பாவில் கேசரியும் பாக்குமட்டைத் தட்டும் எடுத்துக்கொண்டு வந்திருந்தாள்.

"இன்னா பெரியவரே, தோட்டம் பாக்கவா, பொண்ணு பாக்கவா?"

"ரெண்டும்தான்," என்றார் சிவப்பிரகாசம்.

"அப்ப மாப்ள வூட்டுக்கும் சேத்து நீங்களே டிக்கெட்டு வாங்கிடுங்க. போன மாசம் ஒரு மாப்ளயோட மாமன், நான் இன்னா மரம் பாக்கவா வந்தேன்னு எங்கிட்ட சண்டைக்கு நிக்கறான்."

கல்பனா சிரித்துவிட்டாள். ஆதிலட்சுமி அவள் இடுப்பில் இடித்தாள். "சிரிக்காதடி. சிரிச்சா ஒதடு தெரியுது."

பாகூர்க்காரர்கள் நல்ல மாதிரிதான். பையனின் அம்மா கல்பனாவின் கையைப் பிடித்துப் பேசினாள். வெளுப்புத் தெரியாமல் கிரீம் பூசிய கைமேல் இலை நிழல் ஆடிக்கொண்டிருந்தது. கேசரி சாப்பிட்டார்கள். மறுநாள் போனே வந்தது. பிடித்திருக்கிறதாம். அப்போதுதான் ஆதிலட்சுமி, முதலிலேயே நினைத்து வைத்திருந்தபடி, மெல்ல ஆரம்பித்து விஷயத்தைச் சொன்னாள். "கலந்துக்கினு போன் பண்றோம்மா," என்றாள் அந்த அம்மா. அதோடு சரி.

அன்றைக்கு அடுப்படியில் அம்மாவுக்கும் மகளுக்கும் வார்த்தை தடித்தது.

"மொதல்லயே சொல்லிட்டு வரச் சொல்லும்மா. எனக்கு இது அசிங்கமா இருக்குது."

"சொன்னா எவன்டி வருவான்? மொதல்ல ஆளைப் பாக்கட்டும். உன் பேச்சு, உன் கொணம் இன்னான்னு தெரியட்டும். புடிச்சுப் போச்சுன்னா அப்பால இது ஒண்ணும் பெரிசாத் தெரியாது."

"புடிச்சுதானே போச்சு? கேசரி துன்னாங்க. அப்பறம் இன்னா ஆச்சு?"

"ஏங்க, நீங்க எதுனா சொல்லுங்களேன். மரம் மாதிரி குந்தினு இருக்கீங்க."

சிவப்பிரகாசம் சாப்பாட்டுத் தட்டைப் பார்த்தார். கருவாட்டுக் குழம்பு. அவருக்குப் பிடித்தது. மகள் சொல்வது சரி என்று தெரிந்தது. மனைவி சொல்வது பயம் என்றும் தெரிந்தது. அந்தப் பயம் அவருக்கும்தான் இருந்தது. இரண்டு பேருக்கும் நடுவில் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். பிசைந்து பிசைந்து சோறு கூழாகிவிட்டது.

ஆடியில் யாரும் நல்ல பேச்சு எடுக்க மாட்டார்கள். அந்த ஒரு மாதம் வீட்டில் நிம்மதியாக இருந்தது. கல்பனா பூச்சு எதுவும் இல்லாமல் வேலைக்குப் போய் வந்தாள். கரும்பில் அங்கங்கே சில தூர்களில் தோகை வெளுத்திருந்தது. அது ஒரு நோய். தோகை பால்வெள்ளையாக, புல் மாதிரி மெலிந்து வரும். கண்டால் தூரோடு பிடுங்கிக் கொளுத்த வேண்டும், இல்லாவிட்டால் கொல்லை முழுக்கப் பரவும். வருஷா வருஷம் செய்கிற வேலைதான். ஒரு நாள் காலை அப்படிப் பிடுங்கிக்கொண்டிருந்தபோது, வேன் ஏற வரப்பு வழியே போன கல்பனா நின்று பார்த்தாள். அப்பா கையில் வேர் மண்ணோடு ஒரு வெள்ளைத் தூர். அவள் வேனுக்குப் போய்விட்டாள். சிவப்பிரகாசம் தூரைக் கீழே போட்டுவிட்டு வெகு நேரம் பாத்தியில் நின்றார். அதன்பிறகு அந்த வேலைக்குக் கூலி ஆளை விட்டுவிட்டார். அவர்கள் பிடுங்கும்போது மோட்டார் கொட்டகைப் பக்கம் போய்விடுவார்.

ஆவணியில் தரகர் அருள்முருகன் திருக்கனூர்ப் பக்கம் ஒரு இடம் கொண்டுவந்தான். பையன் சொந்தமாக டிராக்டர் வைத்திருந்தான். ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்கு என்று பேச்சு. மூன்றரை ஆயிற்று, நாலு ஆயிற்று. அருள்முருகன் போனும் கையுமாகக் கேட்டுக்கும் பெஞ்சுக்கும் நடந்தான்.

"கெளம்பிட்டாங்கண்ணே. மூலக்கொளம் வந்துட்டாங்களாம். இதோ."

"நாலரைக்கு ராவுகாலம்பா," என்றாள் ஆதிலட்சுமி.

"அதுக்குள்ள வந்து ஒரு பார்வை பாத்துடுவாங்க அண்ணி."

அவர்கள் கேட்டுக்குள் நுழைந்தபோது நாலரையைத் தாண்டிவிட்டது. பையன், அவன் அப்பா, அம்மா, அத்தை ஒருத்தி. பையனின் அப்பா நீரூற்றுக்கு அந்தப் பக்கமே நின்றுவிட்டார். அங்கிருந்தே கையைத் தூக்கி வணக்கம் சொன்னார்.

"தப்பா எடுத்துக்காதீங்க. ராவுகாலத்துல பொண்ணு பாத்தாப்புல இருக்க வாணாம். ஆறு மணி ஆவட்டும். நாங்க இப்பிடிக் குந்தினு இருக்கோம். நீங்க அப்பிடிக் குந்தினு இருங்க. இன்னும் நாம பாத்துக்கல."

"அதுவும் சரிதான்," என்றாள் ஆதிலட்சுமி. அவளும் அப்படியே நினைக்கிறவள்தான்.

ஆக, நீரூற்றுக்கு இந்தப் பக்கம் ஒரு பெஞ்சில் இவர்கள், அந்தப் பக்கம் ஒரு பெஞ்சில் அவர்கள். பார்த்துக்கொள்ளாததுபோல் உட்கார்ந்திருந்தார்கள். அருள்முருகன் மட்டும் இரண்டு பக்கமும் போய் வந்தான். அந்தப் பக்கம் போய் மழையைப் பற்றிப் பேசினான், இந்தப் பக்கம் வந்து அவர்கள் மழையைப் பற்றிப் பேசியதைச் சொன்னான். அத்தைக்காரி அவ்வப்போது கழுத்தைத் திருப்பிப் பூச்சாடியைப் பார்ப்பதுபோல் பார்த்தாள்.

கண்ணையன் தண்ணீர்க் குழாயை இழுத்துக்கொண்டு வந்து சிவப்பிரகாசத்திடம் குனிந்தார். "இன்னா பெரியவரே, ரெண்டு கட்சிக்கும் சண்டையா?"

"ராவுகாலம்."

"ஓ," என்று கண்ணையன் வானத்தைப் பார்த்தார். "இந்த மரமும் ராவுகாலம் பாக்கும்போல. இப்பவே தூங்க ஆரம்பிச்சிருச்சு பாருங்க."

சிவப்பிரகாசம் அண்ணாந்து பார்த்தார்.

அஞ்சு மணிக்குமேல் தூங்குமூஞ்சி இலை கூம்பும். சின்ன வயதிலிருந்து அவருக்குத் தெரியும். ஊரில் ஆடு மேய்க்கிற யாரைக் கேட்டாலும் சொல்லுவார்கள். மூன்று மணி நிழலைப் பார்த்து இடம் பிடித்தவர் அதை நினைக்கவில்லை. ஒவ்வொரு இலையாக ஜோடி ஜோடியாக மடிந்துகொண்டிருந்தது. கூரை மாதிரி இருந்த மரம் வலை மாதிரி ஆயிற்று. மேற்கே மரமில்லாத ஆற்றுப் பக்கத்திலிருந்து வெயில் தரையோடு தரையாக வந்து படிக்கட்டில் ஏறியது, பாதையில் நடந்தது, கல்பனாவின் காலைத் தொட்டது.

"எடம் மாறிக் குந்தலாமா?" என்றார் மனைவியின் காதில்.

"இப்ப எழுந்தா இன்னா நெனைப்பாங்க? சும்மா இருங்க."

வெயில் மடிக்கு ஏறியது. கைக்கு ஏறியது. பிறகு முகத்தில் மஞ்சளாக முழுசாக விழுந்தது. பூசியிருந்த கிரீம் அந்த வெளிச்சத்தில் சுவரில் பூசிய காரை மாதிரி தனியாகத் தெரிந்தது. வியர்வையில் உதட்டோரம் கரைந்திருந்தது. சிவப்பிரகாசம் எழுந்து மகளுக்கு முன்னால் நிற்கலாமா என்று நினைத்தார். எழுந்திருக்கவில்லை. கல்பனா கண்ணை மூடாமல், தலையைத் திருப்பாமல், வெயிலுக்கு நேராக உட்கார்ந்திருந்தாள்.

அந்தப் பக்கம் அத்தைக்காரி பூச்சாடியைப் பார்ப்பதை விட்டுவிட்டாள். பையனின் அம்மாவுடைய காதில் ஏதோ சொன்னாள். அப்பாக்காரர் செருப்பைத் தேடினார். ஆறு மணி அடிக்க இன்னும் நேரம் இருந்தது. அருள்முருகன் ஓடிப்போய்ப் பேசிவிட்டு, திரும்பி வரும்போது நடந்து வந்தான்.

"ஊர்ல யாரோ தவறிட்டாங்களாம் அண்ணே. போன் வந்துச்சாம். இன்னோரு நாளு வந்து பாக்கறோம்னு சொன்னாங்க."

"பாக்கவே இல்லியேப்பா இன்னும்," என்றாள் ஆதிலட்சுமி.

கல்பனா சிரித்தாள். இந்தத் தடவை அவளை யாரும் இடிக்கவில்லை.

போகும்போது கேசரி டப்பாவை அப்படியே கண்ணையனிடம் நீட்டினாள் ஆதிலட்சுமி. கண்ணையன் வாங்கத் தயங்கினார். "வாணாம்மா. வூட்டுக்கு எடுத்தும்போயி பொண்ணுக்குக் குடுங்க. அதுவும் மதியத்துலேந்து ஒண்ணும் துன்னாம குந்தினு இருக்குது." டப்பா வீட்டுக்கு வந்தது. மறுநாள் சாயங்காலம் மாட்டுக்குப் போட்டார்கள்.

ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. கார்த்திகையில் புயல். ஒரு ராத்திரியும் ஒரு பகலும் வானத்தைக் கவிழ்த்துக் கொட்டியது. ஆறு கரை தாண்டிக் கழனிக்குள் வந்தது. கதிர் வாங்கியிருந்த நெல் சேற்றோடு படுத்தது. கரும்பு ஒரே பக்கமாகச் சாய்ந்தது. வீட்டு வாசலில் நின்ற டிவிஎஸ் வண்டி தண்ணீருக்குள் மூழ்கி எஞ்சின் போயிற்று. நஷ்டம் எழுத வந்தவர்கள் வரப்பில் நின்றபடியே போட்டோ எடுத்துக்கொண்டு போனார்கள். வெள்ளம் வடிந்த கழனியில் சிவப்பிரகாசம் முழங்கால் சேற்றில் நின்று ஒரு கதிரை நிமிர்த்திப் பார்த்தார். விட்டதும் திரும்பப் படுத்துக்கொண்டது. மார்கழி முழுக்க யாரும் கல்யாணப் பேச்சு எடுக்கவில்லை. எடுக்கிற மாசமும் இல்லை. வெண்மை கல்பனாவின் கழுத்திலிருந்து காதோரம் ஏறியிருந்தது.

தையில் அருள்முருகன் மறுபடி வந்தான். காட்டேரிக்குப்பத்தில் தமிழ்ச்செல்வன் என்று ஒரு பையன். எலக்ட்ரீசியன். அப்பா இல்லை, அம்மாவும் ஒரு அக்காவும். "ரொம்ப நல்ல எடம் அண்ணி. வெகுளி ஜனம்." ஆதிலட்சுமி கேசரியில் முந்திரியைக் கூடவே போட்டாள். ஞாயிற்றுக்கிழமை இரண்டரைக்கே ஆட்டோ பிடித்து, மடியில் டப்பாவை வைத்துக்கொண்டு முன்னால் போனாள். இந்தத் தடவை முன்கூட்டியே போய் நிழலில் உட்கார்ந்துவிட வேண்டும் என்று அவளுக்கு.

சிவப்பிரகாசத்துக்கு வண்டி இல்லாததால் கல்பனாவின் ஸ்கூட்டியில் பின்னால் உட்கார்ந்தார். கையில் கறுப்புக் குடை. வெட்டின கரும்பு ஏற்றிய டிராக்டர்கள் சாலையை அடைத்துக்கொண்டு போயின. ஊரைத் தாண்டியதும், வண்டி ஓட்டிக்கொண்டே, திரும்பாமல், கல்பனா சொன்னாள்.

"எப்பா. இன்னிக்கு நான் ஒண்ணும் பூசல."

அவர் அதை வீட்டிலேயே பார்த்திருந்தார். பார்க்காததுபோல் இருந்தார்.

"நேத்து அந்தப் பையனுக்கு வாட்ஸப்புல போட்டோ அனுப்பிட்டேன். கழுத்து, கை எல்லாம் தெரியறாப்புல. இப்பிடி இருக்குது, இன்னும் பரவும், ஒட்டாது, வர்றதுன்னா வாங்கன்னு எழுதிட்டேன்."

முன்னால் போன டிராக்டரிலிருந்து ஒரு கரும்பு நழுவி ரோட்டில் விழுந்தது. அவள் அதைச் சுற்றி வண்டியை எடுத்தாள்.

"இன்னா சொன்னாரு?" என்றார் சிவப்பிரகாசம்.

"பாத்துட்டாரு. ரெண்டு நீலக் கோடு வந்துருச்சு. பதில் இல்ல."

கொஞ்ச தூரம் போனதும் அவளே சொன்னாள். "அம்மாவுக்குத் தெரியாது. நீ சொல்றதுன்னா சொல்லு."

தோட்டத்துக் கேட்டில் கண்ணையன் வெளியே வந்து நின்றார். "உங்க எடம் போச்சு பெரியவரே," என்றார். தூங்குமூஞ்சி புயலில் வேரோடு சாய்ந்து, நீரூற்றை உடைத்துக்கொண்டு விழுந்திருந்ததாம். அறுத்து எடுத்துப் போய்விட்டார்கள். பெஞ்சு மட்டும் வெட்டவெளியில் இருந்தது. பக்கத்தில் குழியும், புரண்ட வேர்க்கட்டையும். தோட்டம் பாதி மொட்டையாகிவிட்டது. அந்தக் கோடியிலிருந்து இந்தக் கோடி வரை வெயில்.

ஆதிலட்சுமி டப்பாவோடு நடுவில் நின்றுகொண்டிருந்தாள். "எங்கடி குந்தறது?" என்றாள். பிறகு மகளின் முகத்தைப் பார்த்தாள். "ஏன்டி, ஒண்ணும் போடல?"

"தீந்துபோச்சு."

"அந்த மண்டபத்துக்குள்ளயாவது வாடி."

"இங்கயே இருக்கேன்."

கல்பனா புரண்ட வேர்க்கட்டையின் மேல் உட்கார்ந்தாள். தை மாத வெயில் இதமாகத்தான் இருந்தது. சிவப்பிரகாசம் குடையை விரித்து அவள் தலைக்கு மேல் பிடித்தார். கை தானாகவே அதைச் செய்தது.

"மடக்குப்பா."

அவர் ஒரு அடி நகர்ந்துகொண்டார். குடை மடங்கவில்லை. வெள்ளத்தில் நனைந்து கம்பி துருப்பிடித்திருந்தது. இழுத்துப் பார்த்தார். விட்டுவிட்டார்.

மூன்றாயிற்று. ஆதிலட்சுமி பெஞ்சில் உட்கார்ந்து அருள்முருகனுக்குப் போன் போட்டாள். அடித்துக்கொண்டே இருந்தது. மூன்றரைக்குக் கேட்டுக்கு வெளியே ஒரு கார் நின்றது. ஆதிலட்சுமி முந்தானையைச் சரிசெய்து எழுந்தாள். உள்ளே வந்தவர்கள் போட்டோ எடுக்க வந்த ஒரு ஜோடி. மாலையும் கையுமாகச் சிரித்துக்கொண்டு உடைந்த நீரூற்றைத் தாண்டிப் போனார்கள். கண்ணையன் தூரத்திலிருந்தே இவர்களைப் பார்த்து, இல்லை என்று கையை ஆட்டினார்.

"வருவாங்க," என்றாள் ஆதிலட்சுமி. "கரும்பு வண்டியில ரோடு ஜாம் ஆயிருக்கும். இல்லீங்க?"

"ம்."

சொல்லிவிடலாம். ஒரே வரிதான். வர மாட்டார்கள், கல்பனாவே சொல்லிவிட்டாள். ஆனால் அதைச் சொன்னால் இந்தப் பட்டுப்புடவையோடு, முந்திரி போட்ட கேசரியோடு ஆதிலட்சுமி எங்கே போவாள்? சிவப்பிரகாசம் மனைவியின் மடியில் இருந்த டப்பாவைப் பார்த்தார். மூடியின் ஓரத்தில் நெய் கசிந்து புடவையில் வட்டமாக இறங்கியிருந்தது. அவள் அதைக் கவனிக்கவில்லை.

நாலரை ஆயிற்று. அவள் போனில் மணியைப் பார்த்தாள்.

"ராவுகாலம் வந்துருச்சு. அதான் வெளிய எங்கியாவது நிக்கறாங்க. ஆறு மணிக்கு மேல வந்துருவாங்க."

கல்பனா வேர்க்கட்டையிலிருந்து எழுந்து புடவையில் ஒட்டிய மண்ணைத் தட்டினாள்.

"எம்மா, வா, ஒரு சுத்து சுத்திட்டு வரலாம். இத்தினி வாட்டி வந்துருக்கோம், அந்தப் பக்கம் இன்னா இருக்குதுன்னு கூடத் தெரியாது."

"அவங்க வந்தா ஆளு இல்லாம இருக்குமாடி? நீ குந்து."

"எப்பா, நீ வரியா?"

சிவப்பிரகாசம் வாயைத் திறந்தார்.

கல்பனா கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு நடக்க ஆரம்பித்தாள். மேற்குப் பக்கம், ஆற்றுப் படிக்கட்டுக்குப் போகிற நீளமான பாதை. கழுத்து, கை, காது எல்லாம் வெயிலில் இருந்தது. அவள் அவசரப்படாமல் போனாள். ஒரு கல் பூச்சாடிக்குப் பக்கத்தில் நின்று, அதில் செதுக்கியிருந்ததை விரலால் தடவிப் பார்த்துவிட்டு மேலே போனாள்.

"எங்கங்க போறா அவ? கூப்புடுங்க," என்றாள் ஆதிலட்சுமி பெஞ்சில் இருந்து. அவள் கண் கேட்டிலேயே இருந்தது.

அவர் மகளின் பக்கமாகக் கொஞ்ச தூரம் போனார். பின்னால் மனைவி தனியாக உட்கார்ந்திருப்பது நினைவு வந்து நின்றார். திரும்பினார். இரண்டு பக்கமும் ஒரே தூரம் போலத்தான் இருந்தது. மடங்காத குடை கையில் விரிந்தபடியே இருந்தது. சாய்ந்த வெயிலில் அதன் நிழல் நீண்டு, அவரைவிட்டு விலகி, யாரும் இல்லாத புல்தரையில் போய்க் கிடந்தது.